நிலைப்பாடு தெரியவில்லை

என் மனைவி ஆங்கிலத் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டதற்கு நான்தான் காரணம். இந்த ஒரு வாக்கியத்தை இவ்வளவு நேராக எழுத எனக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று என் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதம் எழுதுகிறேன். வீடு எரிந்தவர்கள், வண்டி நொறுங்கியவர்கள், கடைக்குள் வெள்ளம் புகுந்தவர்கள் எல்லாம் இழப்பீடு கேட்டு எழுதுவார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் போடும் பிரிவு எங்களுடையது. பதில் என்றால் பதில் இல்லை. 'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகிறது. எனினும் இதனைக் கொண்டு நிறுவனம் எந்த உறுதியும் அளித்ததாகக் கொள்ளலாகாது.' இந்த ஒரு விஷயத்தை மூன்று பக்கத்துக்கு இழுப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் சொல்லிவிட்டார்: "ஆமான்னு எழுதினா அது நாளைக்குக் கோர்ட்ல சாட்சி. இல்லைன்னு எழுதினாலும் சாட்சி. நமக்கு எதுக்கு வம்பு?" அன்றிலிருந்து நான் எதற்கும் பிடி கொடுத்து எழுதியதில்லை. பிரிவில் எனக்கு 'மழுப்பல்' என்று பெயர். பாராட்டாகத்தான் வைத்தார்கள், நானும் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவன் கையில்தான் அவள் கட்டுரை கற்றுக்கொள்ள வந்து மாட்டினாள், பாவம்.

அவள் டயாலிசிஸ் பிரிவில் மூத்த நர்ஸ். கடல் தாண்டி ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாக எழுத்துமூலம் சொல்லியிருந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதியிலும் ஏழு வாங்க வேண்டும். கேட்பதில் எட்டு, படிப்பதில் எட்டு, பேசுவதில் எட்டு. எழுதுவதில் ஆறரை. மூன்று தடவையும் ஆறரை. அந்த அரை மதிப்பெண் வீட்டில் மூன்றாவது ஆளாக எங்களோடு குடியிருந்தது. வரப்போவது கடைசி வாய்ப்பு. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது, அதற்குமேல் அந்த நாட்டில் அவளை எடுக்க மாட்டார்கள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறை மணியை நாற்பது நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுத உட்காருவாள். மணி அடித்ததும் நான் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். 'பள்ளிகளில் கைபேசியைத் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?' ஆரம்பத்தில் அவள் முதல் வரியிலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று போட்டுவிடுவாள். நான் அதை அடிப்பேன்.

"இப்படிப் பட்டவர்த்தனமா எழுதலாமாம்மா? திருத்தறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்ப நான் ஒத்துக்கறேனா, இல்லையா?"

"அது அவங்களுக்குத் தெரியணும்னு என்ன இருக்கு?"

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். வார்டில் அவள் எழுதும் குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். 'ரத்த அழுத்தம் இறங்கியது. கால்களை உயர்த்தினேன். மருத்துவரை அழைத்தேன். மணி பத்து இருபது.' அவ்வளவுதான். "இது கட்டுரையா, சலவைக்குப் போட்ட துணிக் கணக்கா?" என்று கிண்டலடித்தே அந்தக் கையை மாற்றினேன். 'ஒருபுறம்', 'மறுபுறம்', 'எனினும்', 'அதேவேளையில்' எல்லாம் நான் கொடுத்த சீதனம். இங்கிலீஷில் நான் புலி என்று அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன், அதுதான் கொடுமை.

மூன்றாவது ஆறரை வந்த பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இணையத்தில் கட்டுரைகளை வாங்கிப் படித்துக் குறை சொல்லும் ஆசிரியை ஒருத்தருக்கு இரண்டு கட்டுரைகளை அனுப்பினாள். வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும் என்பதால் என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தாள். தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அலுவலகத்தில் தேநீர் வந்த நேரத்தில் அந்த அறிக்கை வந்தது.

'உங்கள் வாக்கியங்களில் பிழை இல்லை. ஆனால் கேட்டது, நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்று. இரண்டு கட்டுரைகளையும் மூன்று முறை படித்தேன். உங்கள் நிலைப்பாடு என்னவென்று தெரியவில்லை. ஒரு வாக்கியத்தில் கொடுப்பதை அடுத்த வாக்கியத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். இது உங்கள் இயல்பு போலத் தோன்றவில்லை, யாரோ பழக்கியிருக்கிறார்கள். முதல் வரியில் உங்கள் பதில், அடுத்து காரணம், அதற்கு ஓர் உதாரணம். இதை மட்டும் செய்யுங்கள். ஏழு வரும்.'

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. தேநீர்க் கோப்பையை எடுத்தவன் குடிக்காமல் வைத்துவிட்டேன். 'யாரோ பழக்கியிருக்கிறார்கள்.' அந்த யாரோ நான்தான். ஒன்றரை வருடம், மூன்று தேர்வு, அவள் காலில் வீக்கத்தோடு வந்து உட்கார்ந்து எழுதிய அத்தனை சாயங்காலமும் என் சிவப்புப் பேனாவில் போனது.

உடனே போன் போட்டு அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மின்னஞ்சலை எடுத்து, 'பரிசீலனையில்' என்று பெயர் வைத்திருக்கும் அலுவலகக் கோப்புறைக்குள் போட்டு மூடினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போனது.

வெட்கம்தான் காரணம் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். அவள் பாஸானால் நாங்கள் போயாக வேண்டும். அந்த நாட்டு விண்ணப்பத்தில் எனக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குத் தலைப்பு 'சார்ந்திருப்பவர்'. எனக்கு நாற்பத்தொன்பது வயது. தெரிந்த ஒரே தொழில், ஒன்றும் சொல்லாமல் மூன்று பக்கம் எழுதுவது. அங்கே அதை எவன் கேட்கப்போகிறான்? அவள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போவதும், ஊர் பேர் தெரியாத ஒரு சமையலறையில் நான் சாயங்காலம் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்முன்னால் வந்து நிற்கும். 'போலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க' என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'பாக்கலாம்', 'மொதல்ல பாஸ் பண்ணு' என்றே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. என்னை விட்டுவிட்டு அவள் மட்டும் போகலாமே என்ற நினைப்பும் வரும். அது வந்தால் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் கேட்டாள்: "ரிப்போர்ட் வந்துச்சா?"

"இன்னும் வரல."

புதன்கிழமை கேட்டாள். வியாழக்கிழமை கேட்டாள். "அவங்களுக்கும் நூறு வேலை இருக்கும்ல" என்றேன். சனிக்கிழமை கேட்டபோது, "ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போடறேன்" என்று கூசாமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சாப்பிடும்போது அவள் தலை நிமிர்ந்தாலே நான் ரசப் பாத்திரத்துக்குக் கை நீட்டுவேன். என் போன் மேஜைமேல் ஒரு முறை அதிர்ந்தால் என் உடம்பு இரண்டு முறை அதிரும். போனுக்குப் பூட்டு எண்ணை மாற்றினேன். மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, புதுசா பூட்டெல்லாம்? எவளையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"சே, ஆபீஸ்ல மாத்தச் சொன்னாங்க."

"ஓ, ஆபீஸ்ல." சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள். அந்தச் சிரிப்பை என்னால் படிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு விபரீதம். அவள் கட்டுரைகள் நாளுக்கு நாள் என்னைப் போலவே ஆகிக்கொண்டிருந்தன. போல என்ன, என்னையே தூக்கிச் சாப்பிட்டன. நகரத்தில் மரம் வெட்டலாமா என்ற கேள்விக்கு இருநூற்று எழுபது வார்த்தை எழுதியிருந்தாள். கடைசி வரை மரம் நிற்கிறதா விழுந்ததா என்று எனக்கே புரியவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. தேர்வுக்கு இன்னும் எட்டு நாள் என்று உள்ளுக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'சொல்லித் தொலையேன்டா' என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"நல்லாருக்கா?" என்றாள்.

"மோசமில்ல."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"மோசமில்லன்னு அர்த்தம்."

அவள் தாளை வாங்கி மடித்து வைத்தாள்.

எட்டு ஏழாகி, ஏழு நாலாகி, தேர்வுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. அன்று மதியம் அலுவலகத்தில் என்னைத் தேடி ஒரு தையற்காரர் வந்தார். கடை எரிந்து ஐந்து மாதம் ஆகிறதாம். கையில் நான் எழுதிய கடிதம் இருந்தது. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தார்.

"சார், இதை நாலு பேர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். ரெண்டு பேர் ஆமாங்கறாங்க, ரெண்டு பேர் இல்லைங்கறாங்க. நீங்கதானே எழுதினது? நீங்களே சொல்லிடுங்க."

"பரிசீலனையில இருக்குங்க."

"இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லுங்க சார். வேற வழியைப் பாத்துக்குவேன்ல."

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. நான் கடிதத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். அந்தக் கோப்பில் முடிவாகி ஒரு மாதம் ஆகிவிட்டது எனக்குத் தெரியும். முடிவு, இல்லை என்பது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மேலாளரைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். இவரை ஐந்து மாதம் அலைக்கழித்தேன், அவளை ஒன்றரை வருடம். கணினித் திரையில் 'பரிசீலனையில்' கோப்புறை பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள், "நாளைக்குப் பரீட்சை, இன்னிக்கு என்னோட எதுவும் பேசாதீங்க, தலை வலிக்குது" என்றாள். எனக்கு வந்ததே ஒரு நிம்மதி! அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது. ஆனாலும் கடைசிக் கட்டுரை ஒன்றை எழுதி நீட்டினாள். நான் படித்தேன். வழவழா கொழகொழா. "போதும்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை தேர்வு மையத்தின் வாசலில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். கடிகாரம் கூடாது, போன் கூடாது, தண்ணீர் பாட்டிலில் எழுத்துகூட இருக்கக் கூடாது. அவள் பாட்டிலைச் சுற்றியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்து என் கையில் திணித்தாள். கைப்பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள். காவலாளி பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வரிசை நகர்ந்தது. இப்போது சொன்னால் அவள் குழம்பிப்போவாள், சொல்லாவிட்டால் ஆறரைதான், நிச்சயம். இரண்டு பக்கமும் பள்ளம். இன்னும் இருபது பேர். இன்னும் பத்துப் பேர்.

"இந்தாம்மா, நில்லு." அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "நான் சொல்லிக்குடுத்தது எல்லாமே தப்பு. ரிப்போர்ட் எப்பவோ வந்துடுச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். முதல் வரியிலேயே ஆமாவா இல்லையான்னு எழுதணுமாம். அப்புறம் காரணம், அப்புறம் உதாரணம். என்னை மாதிரி எழுதாத. தயவுசெஞ்சு எழுதாத."

அவள் கையை உதறவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சனிக்கிழமை நானே அவங்களுக்குப் போன் பண்ணேன். செவ்வாக்கிழமையே அனுப்பியாச்சு, தொறந்து பாத்ததாவும் காட்டுதுன்னாங்க. எனக்குத் தனியா ஒண்ணு அனுப்பச் சொன்னேன்."

"அப்ப தினமும் என்கிட்ட காட்டினியே, அதெல்லாம்?"

"அது உங்களுக்காக எழுதினது. எனக்கு எழுதறதை மத்தியானம் ஸ்டோர் ரூம்ல, டயாலிசர் பெட்டி மேல உக்காந்து எழுதினேன். ரெண்டு வாரமா தினம் ரெண்டு கட்டுரை." மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். படிக்கப் படிக்க உங்க முகத்துல ஈயாடல. ஆனா வாய் தொறக்கல. இந்தப் பரீட்சைக்கு நான் பயப்படவே இல்லைங்க. நீங்க சொல்லாமலே என்னை உள்ள அனுப்பிடுவீங்களோன்னுதான் பயந்து செத்தேன்."

"அடுத்த பத்து பேர்!" என்றார் காவலாளி.

அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கையில் அந்தப் பாட்டில் காகிதத்தோடு மூன்று மணி நேரம் எதிரே இருந்த நடைபாதையில் நின்றேன். பரீட்சைக்கு ஒரு நிமிடம் முன்னால் அவளை அழவைத்து அனுப்பியிருக்கிறேன். இதனால் போனால் என்ன செய்வது? ஒன்றரை வருடம் கெடுத்தது போதாதென்று கடைசி நிமிடத்தையும் கெடுத்தேனா? வெளியே வந்தவள் பையை வாங்கிக்கொண்டாள். "எழுதிட்டேன்" என்றாள். அடுத்து வந்த பதின்மூன்று நாளும் வீட்டில் உப்பு, காபி, சாவி என்ற அளவில்தான் பேச்சு ஓடியது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாதவரை எனக்குப் பயம் போகவில்லை.

பதினாலாம் நாள் சாயங்காலம் முடிவு வந்தது. போனை என்னிடம் நீட்டி, "நீங்க படிங்க. நேரா படிக்கணும்" என்றாள்.

கேட்டல் எட்டு, வாசித்தல் எட்டு, பேசுதல் எட்டு. கீழே நகர்த்த விரல் ஒத்துழைக்கவில்லை. எழுத்து, ஏழு.

சத்தமாகத்தான் படித்தேன். அவள் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் என் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். 'சார்ந்திருப்பவர்' கட்டத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. உடன் வருகிறீர்களா, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதவும் என்று இருந்தது. அவள் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். சமையலறை மணியை நாற்பது நிமிடத்துக்குத் திருகினாள். சிவப்புப் பேனாவைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முதல்ல நம்ம பாஷையில எழுதுங்க. இங்கிலீஷ்ல அப்புறம் மாத்திக்கலாம். வரலைன்னா வரலைன்னு எழுதுங்க, நான் தனியா போய்க்கறேன். மழுப்பினீங்க, அப்பதான் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

எழுதினேன். 'சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு பார்க்கையில்.' சிவப்புக் கோடு விழுந்தது. 'கொள்கையளவில் உடன்பட்டாலும்.' இன்னொரு கோடு. பதினைந்து நிமிடம் போயிற்று. மணி டிக் டிக்கென்று ஓடியது. அந்தப் புதுச் சமையலறை கண்முன் வந்து நின்றது. இந்தச் சமையலறையில் அவள் இல்லாத சாயங்காலம் ஒன்றும் வந்தது.

'வருகிறேன்' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'எனக்குப் பயமாக இருக்கிறது, அதைவிட நீ இல்லாமல் இருக்க அதிகப் பயம்' என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நிலைப்பாடு இருக்கு. காரணம் இருக்கு. உதாரணம் எங்க?"

அதையும் எழுதினேன்: 'உதாரணமாக, என் மனைவிக்கு வந்த ஒரு கடிதத்தைப் பதினெட்டு நாள் ஒளித்து வைத்தேன்.'

அவள் தாளை இழுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தவள் அதைத் திறக்கவில்லை. தாளை நான்காக மடித்து, தன் மதிப்பெண் சான்று இருந்த உறைக்குள் வைத்தாள்.

"இதை அனுப்ப வேணாம், இது எனக்கு." வேறொரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். "அவங்களுக்கு வேற எழுதுங்க. முதல் வரியை மட்டும் மாத்தாதீங்க."